நண்டு பார்த்த லீவு

நாங்கள் வேலை பார்க்கிற கடற்கரையை நான் இருட்டில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். ராத்திரி பத்தரைக்குக் கிளம்பினால் விடியற்காலை நாலு, நாலரை வரைக்கும் நடை. சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச், தோளில் துணிப்பை, பைக்குள் நோட்டும் டேப்பும். தலை நிமிர்ந்து கடலைப் பார்க்கிற வழக்கமே கிடையாது, கண் மணலை விட்டு எழும்பாது. ஆலிவ் ரிட்லி ஆமை ஏறிப் போன தடம் முக்கால் மீட்டர் அகலத்துக்கு, இரண்டு பக்கமும் துடுப்புக் கால் வாரிய குழிகளோடு கிடக்கும். அது கண்ணில் பட்டால் வேலை ஆரம்பம்: முட்டைகளை எடுத்து, வேலி போட்ட பொரிப்பகத்தில் புதைத்து, குஞ்சு வரும் வரைக்கும் காக்க வேண்டும். படாவிட்டால் மறுபடி நடை. அலைச் சத்தமோ ஆபீஸில் ஃபேன் ஓடுகிற சத்தம் மாதிரி ஆகிவிட்டது. நின்றால்தான் தெரியும் போல.

அதனால் ஒரு பகல் முழுக்கக் கடற்கரையில் சும்மா இருந்து வந்ததை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. எனக்கே அது புதிய அனுபவம்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். நான் கணக்குப் பிரிவிலிருந்து ரிட்டயர் ஆனவள். முழங்கால் இரண்டும் முனகும். முகாமில் மற்றவர்கள் எல்லாம் என் வயதில் பாதிகூட இல்லாத பிள்ளைகள். வந்த கொஞ்ச நாளிலேயே ரெஜிஸ்டர் என் கைக்கு வந்துவிட்டது. எந்தக் கூடு, எந்த இடம், எத்தனை முட்டை, எந்தத் தேதியில் பொரிப்பகத்தில் புதைத்தது, எத்தனை குஞ்சு வெளியே வந்தது. நூறு, நூற்றுப் பத்து முட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணிக் குழிக்குள் வைப்பதில் எனக்கு ஒரு ருசி உண்டு. கூட்டல் சரியாக வந்தால் வருகிற அதே திருப்தி.

சம்பளம் வாங்கின காலத்தில் லீவு என்பது சொத்து. சேர்த்து வைப்போம், சரண் செய்து காசாக்குவோம், பக்கத்து மேசைக்காரர் அரை நாள் அதிகமாக எடுத்துவிட்டால் மனசுக்குள் கணக்குப் போடுவோம். சம்பளமே இல்லாத வேலைக்கு வந்த பிறகு லீவு எடுக்கக் கூசுகிறது! யாருடைய நேரத்தை எடுத்துக்கொள்கிறோம் என்று தெரியாத ஒரு குறுகுறுப்பு. ஏதோ ஆமைக்குத் துரோகம் செய்கிற மாதிரி. பிள்ளைகளும் அப்படித்தான். காய்ச்சலோடு ரோந்துக்குக் கிளம்புவதை வீரம் என்று நினைக்கிறார்கள். எங்கள் ஒருங்கிணைப்பாளர் பெண்ணுக்கு இந்த வீரமெல்லாம் பிடிக்காது. முப்பது வயதுதான் இருக்கும், ஆனால் அதட்டுவதில் பெரிய மேனேஜர் தோற்றான்.

"அம்மா, நாளைக்கு நீங்க லீவு. பொரிப்பகத்துப் பக்கமே வரக்கூடாது."

"ரெஜிஸ்டர்ல மூணு நாள் பதிவு பாக்கி இருக்கும்மா."

"அது எங்கயும் ஓடிப் போகாது. உங்களுக்குக் கை நடுங்குது, நேத்து பாத்தேன்."

அதற்கு மேல் நான் வாதாடவில்லை. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆமை முட்டையை இட்ட சில மணி நேரத்துக்குள் எடுத்து இடம் மாற்றிவிட வேண்டும். நேரம் போகப் போகக் கரு ஓட்டின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு முட்டை புரண்டால், குலுங்கினால், உள்ளே இருப்பது செத்துப் போகும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. தூக்கம் கெட்ட கையை நம்பி அந்த முட்டைகளைக் கொடுக்க முடியாதுதான்.

ஆக, மறுநாள் காலை ஏழரைக்கு முகாமை விட்டு வெளியேற்றப்பட்டேன். எங்கள் கரையிலிருந்து பாறை முனையைச் சுற்றி நடந்தால் அந்தப் பக்கம் ஒரு சின்ன வளைகுடா இருக்கிறது. குடும்பம் குடும்பமாக வந்து குளிக்கிற இடம், உயிர்காப்பாளர்களும் உண்டு. எடுத்துப் போனவை: ஒரு பழைய போர்வை, அகலத் தொப்பி, இரண்டு பாட்டில் தண்ணீர், சாப்பாட்டு டப்பா, முழுக்கைச் சட்டை. எடுத்துப் போகாதவை: கையுறை, சாக்குப் பை, நோட்டு. பேனாகூட எடுக்கவில்லை. வாசலில் நின்று என் பையைச் சோதித்தே விட்டாள் அந்தப் பெண்.

சன்ஸ்கிரீன் தடவுவதில்லையா என்று என் அறையில் இருக்கிற கல்லூரிப் பெண் கேட்பாள். முகத்துக்கும் புறங்கைக்கும் மட்டும் தடவுவேன், மற்றதெல்லாம் துணிதான். பவளத்தைக் கெடுக்கிறது என்று ஆக்ஸிபென்சோன் என்ற ரசாயனம் கலந்த சன்ஸ்கிரீன்களைப் பலாவு நாடு 2020இலும், ஹவாய் 2021இலும் விற்பனையிலிருந்து விலக்கின. எனக்கு அந்த அளவுக்கு வேதியியல் தெரியாது. முழுக்கைச் சட்டையைக் கழுவித் திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்பது மட்டும் தெரியும்.

போன இடத்தில் முதலில் கண்ணில் பட்டது அடும்பு. மணல்மேட்டின் சரிவு முழுக்கக் கொடி ஓடியிருந்தது. நடுவில் பிளந்த, ஆட்டுக் குளம்பு அமைப்பில் இலை. ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த பூக்கள் காலை வெயிலுக்கு விரிந்திருந்தன, மத்தியானத்துக்குள் வாடிவிடும். வெப்பமண்டலத்தில் எந்த நாட்டுக் கரைக்குப் போனாலும் அநேகமாக இந்தக் கொடி இருக்கும். இதன் விதை உப்புத் தண்ணீரில் மிதந்தே போய், ஒதுங்கின இடத்தில் முளைத்துக்கொள்ளும். வேர் விட்டு மணலைப் பிடித்து வைப்பதும் இதுதான். எங்கள் கரையிலும் இருக்கிறது. ஆனால் ராத்திரியில் எனக்கு அது கால் தடுக்கும் கயிறு, அவ்வளவே. பூவை இப்போதுதான் பார்க்கிறேன். நம் பழைய நெய்தல் பாட்டுகளில் அடும்பும் நண்டும் ஒன்றாக வரும், பெண்கள் கரையில் அலவன் ஆட்டி விளையாடுவார்கள். பள்ளிக்கூடத்தில் உரையோடு மனப்பாடம் செய்தபோது, நண்டைத் துரத்துவதில் அப்படி என்ன விளையாட்டு என்று நினைத்திருக்கிறேன்.

அடும்புக் கொடி முடிகிற விளிம்பில் போர்வையை விரித்தேன். அலை தொடாத உலர்ந்த மணல். உட்கார்ந்து கால் மணி நேரம் ஆகியிருக்காது, ஒன்றரை எட்டு தூரத்தில் இருந்த வளை வாயில் இரண்டு கண்கள் எழுந்தன.

எங்கள் கையேட்டில் இதற்குப் பேய்நண்டு என்று பெயர் போட்டிருக்கும். மணல் நிறத்திலேயே உடம்பு, குச்சி மேல் நட்ட கண். எங்கள் முகாமில் நண்டு என்பது கிட்டத்தட்ட வசவு. ஆமைக் கூட்டுக்குள் வளை தோண்டி முட்டையைக் குடையும், பொரித்து வெளியே வரும் குஞ்சைக் கண்ணெதிரிலேயே இழுத்துக்கொண்டு போகும். அதைத் தடுக்கத்தான் பொரிப்பக வேலிக்கு அடியில் மணலுக்குள்ளும் வலையை இறக்கியிருக்கிறோம். டார்ச் வெளிச்சத்தில் நண்டைக் கண்டால் காலை உதைத்து விரட்டுவதுதான் என் பழக்கம். அன்றைக்கும் கால் தானாக எழுந்தது. பிறகுதான், இந்த வளைகுடாவில் கூடே கிடையாது, நானும் லீவில் இருக்கிறேன், இதற்கும் எனக்கும் இன்றைக்கு ஒரு வழக்கும் இல்லை என்று உறைத்தது.

அசையாமல் உட்கார்ந்தேன். விரலை நகர்த்தினாலும் உள்ளே போய்விடுகிறது. மறுபடி வர ஐந்து நிமிடமாவது ஆகும். அப்படி நாலைந்து முறை ஏமாந்த பிறகு, கையை மடியில் கட்டிக்கொண்டு மூச்சை மட்டும் விட்டுக்கொண்டிருக்கக் கற்றுக்கொண்டேன். அதன் பிறகு அது என்னை ஒரு மரக்கட்டை என்று முடிவு செய்துவிட்டது.

வளையைத் தூர் வாருகிறது. உள்ளே இறங்கும், கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. பிறகு பக்கவாட்டில் மெல்ல ஏறி வரும். ஒரு பக்கக் கால்களை உடம்போடு சேர்த்து வளைத்து, ஒரு கைப்பிடி ஈர மணலை இடுக்கிக்கொண்டு, மறு பக்கக் கால்களால் மட்டும் நடக்கும். இரண்டு சாண் தள்ளி வந்து நின்று, சட்டென்று மணலை உதறும். சும்மா போட்டுவிட்டுப் போவதில்லை, எறிகிறது. எறிந்துவிட்டு ஒரு கணம் நின்று இரண்டு கண்ணையும் நட்டுக்கொண்டு சுற்றிப் பார்க்கும். பிறகு கொட்டின குவியலைக் கொடுக்கால் இங்கே ஒரு தட்டு, அங்கே ஒரு தட்டு. மறுபடி உள்ளே. உலர்ந்த வெள்ளை மணல் மேல் ஈர மணல் பழுப்பாகக் கிடக்கிறது, வெயில் பட்டுச் சில நிமிடங்களில் அதுவும் வெளுத்துவிடுகிறது. இந்த வளைகள் ஒரு மீட்டருக்கு மேலும் ஆழம் போகும். அத்தனை மணலும் இப்படி ஒற்றை இடுக்கில்தான் மேலே வந்தாக வேண்டும்.

நடுவில் ஒரு மணல் துகள் கண்ணில் விழுந்துவிட்டது போல. ஒரு கண்ணை மட்டும் மடக்கி, ஓட்டின் முன்விளிம்பில் இருக்கிற பள்ளத்தில் படுக்க வைத்து, துடைத்துக்கொண்டு மறுபடி நிமிர்த்தியது. மற்றக் கண் அந்த நேரம் முழுக்க என் மேலேயே இருந்தது. இரண்டு கொடுக்கில் ஒன்று பெரிது என்பதையும் அப்போதுதான் கவனித்தேன். எத்தனை நண்டை விரட்டியிருப்பேன், ஒன்றையும் பார்த்ததில்லை.

இடையில் ஒரு தரம் ஈர மணல் வரைக்கும் ஓடியது. ஓட்டம் என்றால் கண் தொடர முடியாத ஓட்டம். அங்கே போய் உடம்பைத் தாழ்த்தி மணலோடு அமுங்கிக் கொஞ்ச நேரம் இருந்தது. நண்டு தரையில் வாழ்ந்தாலும் மூச்சு விடுவது செவுளால்தான், அது காயக்கூடாது. கால் முளைக்கிற இடத்தில் மயிர்க் கற்றைகள் இருக்கின்றன, அவை ஈர மணலிலிருந்து தண்ணீரை உறிஞ்சிச் செவுளுக்கு அனுப்பும். கடலுக்குள்ளேயே கிடக்க அதற்கு விருப்பமில்லை. தாய் நண்டு முட்டைகளை விடுவதற்குத்தான் அலைக்குள் இறங்கும். கடலை விட்டு வந்துவிட்டு, ஆனாலும் முழுசாக விட முடியாமல் அரை நாளைக்கு ஒரு தரம் ஓடிப் போய் நனைந்துகொள்கிற ஜென்மம்.

நண்டின் மேல் எனக்கு அன்பு பொங்கிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். பொரிப்பகத்துக்குள் வந்தால் விரட்டத்தான் செய்வேன். ஆனால் ஆமைகள் குறைந்ததற்கு நண்டு காரணமில்லை. இரண்டும் எத்தனையோ காலமாக ஒரே மணலைப் பங்கு போட்டு வந்தவைதான். மீன்பிடி வலை, கரையோர விளக்கு, நாய், முட்டை எடுப்பவர்கள் என்று பெரிய பட்டியல் வேறு இருக்கிறது. கைக்கு அகப்படுவது நண்டு என்பதால் ஆத்திரம் எல்லாம் அதன் மேல் போகிறது, அவ்வளவுதான்.

வெயில் ஏறியது. கடலில் இறங்கினேன். எங்கள் கரையில் வேலை நேரத்தில் தண்ணீரில் இறங்கக் கூடாது என்பது விதி, ஆகவே இவ்வளவு நாளாகக் கடலோரம் இருந்தும் கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லை. இங்கே சிவப்பும் மஞ்சளுமாக இரண்டு கொடிகள் நட்டிருந்தார்கள். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் குளிக்க வேண்டும், அங்கேதான் உயிர்காப்பாளரின் கண் இருக்கும். முழுச் சிவப்புக் கொடி பறந்தால் இறங்கவே கூடாது.

கொடிக்கு வெளியே, பாறைப் பக்கம், அலை உடையாமல் அமைதியாக ஒரு பட்டை தெரிந்தது. இரண்டு பக்கமும் நுரை, நடுவில் மட்டும் கொஞ்சம் கருத்த தண்ணீர். புதிதாக வருகிறவர்களுக்கு அதுதான் பாதுகாப்பான இடமாகத் தெரியும், குழந்தையைக் கூட்டிக்கொண்டு அங்கேதான் போவார்கள். உண்மையில் கரைக்கு வந்து குவிந்த தண்ணீர் திரும்பிப் போகிற வழி அது. ஆளையும் சேர்த்து உள்ளே இழுத்துப் போகும். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடக் கூடாது, களைத்துத்தான் போவோம். மிதக்க வேண்டும், கையைத் தூக்கிக் காட்ட வேண்டும், முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடைகிற இடத்துக்கு வந்து, அந்த அலையோடு கரை ஏற வேண்டும். பயிற்சியின் முதல் நாளே எங்களுக்கு இதைச் சொல்லித் தந்தார்கள். எனக்கு நீச்சல் சுமார்தான், ஆகவே இடுப்பளவில் நின்று அலை வரும்போது ஒரு எம்பு எம்பிக்கொண்டிருந்தேன். தண்ணீருக்குள் முழங்கால் வலிக்கவே இல்லை. என்னைவிடப் பத்து வயது மூத்த ஓர் அம்மா பக்கத்தில் அதையே செய்துகொண்டிருந்தார். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. ஒவ்வொரு பெரிய அலைக்கும் சேர்ந்து ஒரு கூச்சல் மட்டும்.

கரையேறிச் சாப்பிட்டுவிட்டு நிழல் தேடினேன். தென்னை நிழல் வேண்டாம் என்பதில் நான் கண்டிப்பு. போட்டோவுக்கு நன்றாக இருக்கும், தலைக்கு நல்லதில்லை. தாழ்வாகப் படர்ந்த ஒரு புன்னை கிடைத்தது. நிழலில் இருந்தாலும் சட்டையைக் கழற்றவில்லை. உலர்ந்த மணல் புற ஊதாக் கதிரில் சுமார் 15 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும், நுரை சுமார் 25 சதவீதம். மேலே இருந்து வராதது கீழே இருந்து வரும். நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக இருக்கிற வரைக்கும் வெயிலில் உட்காராதே என்பது நல்ல கணக்கு, கடிகாரம் தேவையில்லை.

படுத்தபடியே கையை மணலுக்குள் நுழைத்துப் பார்த்தேன். நிழலுக்கு வெளியே மேல் மணல் சுட்டுப் பொசுக்குகிறது. நாலு விரற்கடை கீழே வெதுவெதுப்பு. முழங்கை வரைக்கும் இறங்கினால் குளுகுளுவென்று ஈரம். ரிட்லி ஆமையின் கூடும் ஏறக்குறைய ஒரு முழ ஆழம்தான். முகாமில் குச்சி வெப்பமானியை இறக்கி எண்ணை மட்டும் எழுதுவேன், 29, 30, 31 என்று. அந்த ஒன்றிரண்டு பாகைதான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண். ஆஸ்திரேலியாவின் கிரேட் பாரியர் ரீஃப் வடபகுதிக் கரைகளில் பிறந்து வளர்ந்துகொண்டிருக்கும் பச்சை ஆமைகளில் 99 சதவீதம் பெண் என்று 2018இல் வெளிவந்த ஆய்வு சொன்னது. அதைப் படித்த நாளிலிருந்து எங்கள் பொரிப்பகத்துக்கு மேலே தென்னங்கீற்று போடுவதில் நான் கொஞ்சம் கறார். ஆனால் 29க்கும் 31க்கும் உள்ள வித்தியாசத்தைத் தோலில் உணர முடிகிறதா என்று கையை இறக்கி ஏற்றிப் பார்த்துக்கொண்டு கிடந்தது இதுவே முதல் தடவை. எனக்கு முடியவில்லை. அப்படியே தூங்கிப் போனேன்.

எழுந்தபோது கண்ணுக்கு நேரே மணல், ஒவ்வொரு துகளும் தனித்தனியாக. எங்கள் பக்க மணல் பழுப்பு, கனமான ஆற்று மணல். இந்த வளைகுடாவுக்கு வெளியே பவளத்திட்டு இருப்பதால் இங்கே வெள்ளை. சங்கு உடைசல், பவள உடைசல், கடல்முள்ளெலி முள். இவற்றோடு கிளிமீன் கழித்ததும் சேர்த்தி. பவளப் பாறையில் இருக்கிற பாசிக்காகக் கல்லையும் சேர்த்துக் கடித்து, தொண்டைப் பல்லில் அரைத்து, தின்ன முடியாததை மணலாகக் கழிக்கிற மீன் அது. மாலத்தீவின் வக்காரு தீவில் செய்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், அந்தத் திட்டில் புதிதாக உருவாகும் மணலில் 85 சதவீதத்துக்கு மேல் கிளிமீன் கொடுத்தது என்று தெரிந்தது. தேனிலவு விளம்பரங்களில் வருகிற அந்த வெள்ளை மணலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இனி இது ஞாபகம் வரும்.

அந்த மணலில் மணல் அல்லாததும் இருந்தது. காலையில் தண்ணீர் ஏறி நின்று விட்டுப்போன கோட்டில், கடற்பாசிச் சருகுக்கு நடுவே, பயறு அளவில் வெள்ளையும் மஞ்சளுமாகப் பிளாஸ்டிக் மணிகள். வாளி, பாட்டில் எல்லாம் செய்யத் தொழிற்சாலைக்குப் போகிற கச்சாப் பொருள். 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே ஒரு சரக்குக் கப்பல் தீப்பிடித்தபோது சுமார் 1,680 டன் மணிகள் கடலில் சேர்ந்தன. அப்படிப் பெரிய விபத்து நடக்காத இடங்களிலும் கொஞ்சம் கொஞ்சமாக வந்து ஒதுங்கிக்கொண்டுதான் இருக்கின்றன.

இங்கேதான் என் லீவுக்குச் சோதனை. ஆமைக் காலம் இல்லாத மாதங்களில் எங்களுக்குக் குப்பை பொறுக்குவது வேலை. அதில் எனக்குப் பிடித்தது பொறுக்குவதைவிட எண்ணுவது. 1986இல் லிண்டா மரானிஸ், கேத்தி ஒஹாரா என்ற இரண்டு பெண்கள் அமெரிக்காவின் டெக்ஸஸ் கரையில் தொடங்கி வைத்ததுதான் இப்போது ஒவ்வொரு செப்டம்பரும் உலகம் முழுக்க நடக்கிற கடற்கரைத் துப்புரவு. கூட்டம் கூட்டிப் பொறுக்கினதோடு அவர்கள் நிற்கவில்லை. எதை எத்தனை எடுத்தோம் என்று அட்டையில் எழுத வைத்தார்கள். அதனால்தான் பல பத்தாண்டுகளாக முதலிடத்தில் இருந்த சிகரெட் துண்டை 2019 கணக்கில் தின்பண்ட உறை முந்தியது என்று இன்றைக்குச் சொல்ல முடிகிறது. பொறுக்கின குப்பை ஒரு நாளைக்குக் கரையைச் சுத்தமாக வைக்கும், எழுதின கணக்கு சட்டசபை வரைக்கும் போகும். கணக்குப் பிரிவு புத்தி என்று பிள்ளைகள் கேலி செய்கிறார்கள், செய்யட்டும்.

ஆனால் கையில் பை இல்லை, அட்டை இல்லை, பேனா இல்லை. பத்துப் பிளாஸ்டிக் மணிகளைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? விட்டுவிட்டேன். சனிக்கிழமை பிள்ளைகளோடு சல்லடை எடுத்து வந்தால் ஒழுங்காகச் சதுர மீட்டர் அளந்து எடுக்கலாம். முன்பெல்லாம் இப்படி விட்டுவிட்டு வந்தால் ராத்திரி தூக்கம் வராது. அன்றைக்கு வந்தது.

ஒரு வேலை மட்டும் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் ஓர் அப்பாவும் பையனும் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். பையனுக்கு மார்பளவு ஆகிவிட்டது, அப்பா இன்னும் தோண்டுகிறார்.

"தம்பி, இதுக்கு மேல வேண்டாம். உலர் மணல் ஒரு பக்கம் சரிஞ்சா புள்ளைய மூடிடும், நாம வாரி எடுக்கறதுக்குள்ள நேரம் ஆயிடும்."

"அப்படியா ஆன்ட்டி? சும்மா விளையாட்டுக்குத்தானே."

"விளையாட்டுதான். முழங்கால் ஆழம் போதும். கெளம்பறப்ப மூடிட்டுப் போங்க."

பையனை வெளியே தூக்கிவிட்டார். குழியை மூடாமல் கிளம்பிவிட்டார்கள். இருட்டினதும் யாராவது காலை விட்டு முறித்துக்கொள்வார்கள். எங்கள் கரையாக இருந்தால் ஆமையே விழும். காலாலேயே மணலைத் தள்ளி மூடினேன். நண்டு இடுக்கி இடுக்கி மேலே கொண்டு வந்ததை நினைத்துக்கொண்டு தள்ளினேன், சீக்கிரம் முடிந்த மாதிரி இருந்தது.

இவ்வளவு நேரத்தில் ஒரே ஒரு குறை. பாறை முனையடியில் குளங்கள் இருக்கின்றன, தண்ணீர் வற்றும்போது மட்டும் தெரிபவை. அன்றைக்கு வற்றம் பகல் ஒரு மணிக்கு முன்னால், உச்சி வெயிலில். போய் எட்டிப் பார்த்தேன். பாறை காலைச் சுட்டது. அஷ்டமி என்பதால் தண்ணீரும் பெரிதாக இறங்கவில்லை. குளங்களில் பாதி முழுகியே கிடந்தன, ஒரு கடல்வெள்ளரியும் இரண்டு சின்ன மீனும் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை.

முகாமுக்குத் திரும்பியதும், கடல் ஏறி இறங்கும் நேரம் போட்ட ஓதப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். வற்றம் நாளொன்றுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். ஒரு வாரம் போனால் பகல் வற்றம் சாயங்காலத்துக்கு நகர்ந்திருக்கும், நள்ளிரவு வற்றம் விடியற்காலை ஆறை ஒட்டி வந்து நிற்கும். அப்போது பௌர்ணமி வேறு, தண்ணீர் நன்றாக உள்வாங்கும். ஆறு மணிக்கு அங்கே நின்றால் வெயில் ஏறுவதற்குள் இரண்டு மணி நேரம் குளம் குளமாகப் பார்க்கலாம்.

அந்தத் தேதிக்கு நேரே என் பெயரை எழுதி, பக்கத்தில் 'லீவு' என்று நானே போட்டு, ஒருங்கிணைப்பாளர் பெண்ணின் மேசையில் வைத்தேன். பார்த்துவிட்டு அவள் கேட்டது ஒன்றுதான், கல்லூரிப் பிள்ளைகளில் யாரையாவது கூட அனுப்பட்டுமா என்று. அனுப்பு, ஆனால் பேனா எடுத்து வரக்கூடாது என்று சொன்னேன்.